எம்டன் கப்பலை ஓட்டிய மனிதர்: பெட்டிக்குள் கிடைத்த ஒரு கடிதமும் சில சந்தேகங்களும்

வளவுக்காரன் (காரைக்குடி)

போன வாரம் பெரிய வீட்டில் வெள்ளையடிக்க ஆள் விட்டிருந்தோம். இரண்டாம் கட்டு அறையில் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. பேரேடுகளைக் கரையான் தின்றது போக ஒரு கடிதக் கட்டு மட்டும் தப்பியிருந்தது. மேலாக இருந்ததில் பிள்ளையார் சுழி, சிவமயம், ஆனந்த வருஷம் புரட்டாசி. ரங்கூன் மொகல் தெருக் கடையிலிருந்து மேலாள் எழுதியது. எங்கள் ஐயாவை (அப்பாவின் அப்பா) பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் எடுபிடியாக, அனுப்புவதாகப் பேச்சாம். எம்டன் உபத்திரவம் தீரும்வரை பையனைக் கப்பல் ஏற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். ஐயாவுக்கு அப்போது 14 வயது. கடிதமே ஐப்பசியில்தான் கைக்கு வந்திருக்கிறது, பின்பக்கம் யாரோ பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனந்த வருஷம் என்றால் 1914. நான் சின்ன வயதில் மாங்காய் திருடினாலும் சரி, சீட்டில் ஜெயித்தாலும் சரி, ஐயா சொல்வது ஒன்றுதான்: 'சரியான எம்டன்டா நீ.' அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று எனக்குக் கல்லூரி போகும்வரை தெரியாது. அதை ஓட்டியவர் யார் என்று இந்த வாரம்தான் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே கொட்டுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

பெயர் கார்ல் ஃபோன் முல்லர். 1873 ஜூன் 16 ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பையன் 1891இல் கடற்படையில் சேர்ந்தார். இளம் அதிகாரியாக கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு சின்ன பீரங்கிப் படகில் வேலை பார்த்தபோது மலேரியா பிடித்தது. அந்தக் காய்ச்சல் சாகும்வரை விடவில்லை. அப்புறம் பெர்லினில் கடற்படைத் தலைமை அலுவலகத்தில் மேசை உத்தியோகம். 1913இல்தான் எம்டன் கைக்கு வந்தது. அதாவது 40 வயதுவரை அவரை யாருக்கும் தெரியாது. அதிகம் பேசாத, ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள ஆள் என்கிறார்கள். 'எம்டன்' என்றதும் நமக்கு மனதில் வருவது மீசை முறுக்கிய எமகாதகன். ஆள் அப்படி இல்லை.

1914 ஆகஸ்டில் போர் வெடித்தபோது ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பல் அணி பசிபிக்கில் இருந்தது. எல்லோரும் தென் அமெரிக்கா பக்கம் போகலாம் என்று முடிவானது. ஒரு கப்பலை மட்டும் இந்துமாக்கடலுக்கு விடலாம் என்று யோசனை சொன்னவர் முல்லர். சரி, நீயே போ என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர முடியாது என்று தெரிந்தேதான் வந்திருக்கிறார். ஏனென்றால் சொந்தத் துறைமுகம் என்று ஒன்றுகூட இந்தப் பக்கம் கிடையாது.

செப்டம்பர் 10இல் வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களைப் பிடிக்க ஆரம்பித்தார். ஒன்பது நாளுக்குள் கல்கத்தா வழி, ரங்கூன் வழி எல்லாம் அரண்டுவிட்டது. எங்கள் மேலாள் எழுதியது இந்தச் சமயத்தில்தான் இருக்க வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, நல்ல விஷயம் எடுத்தீர்கள். எங்கள் ஆயா சொல்வார்கள், எம்டன் வந்த வருஷம்தான் பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கட்டிய துணியோடு காட்டுவழியே நடந்து வந்தார்கள், பாதிப் பேர் வழியிலேயே போய்விட்டார்கள் என்று. அதற்கு முன்னால் ரஜூலா கப்பலில் போய் வந்துகொண்டிருந்தார்களாம்.

வளவுக்காரன்

ஆச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நடந்து வந்தது 1942, ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு. எம்டன் அதற்கு 28 வருஷம் முந்தி. ரஜூலா கட்டப்பட்டதே 1926இல்தான், அதுவும் பினாங்கு, சிங்கப்பூர் போகிற கப்பல். ஆயா இரண்டு போரையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

பள்ளத்தூர் ஆச்சி

இருக்கும் தம்பி. ஆயாவுக்கு இரண்டிலும் கப்பல் நின்று போனதுதான் ஞாபகம். கப்பல் நின்றால் கடுதாசி இல்லை, கடுதாசி இல்லாவிட்டால் ஆள் இருக்கிறாரா போனாரா தெரியாது. மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர் நாலாவது வருஷமும் வரவில்லை என்றால் வீட்டில் பொம்பிளைகள் என்ன பாடுபடுவார்கள்.

தேவகோட்டை மாலுமி

வணக்கம். நான் கடற்படையில் இயந்திர அறையில் 15 வருஷம். லோனாவாலா ஐஎன்எஸ் சிவாஜியில் பயிற்சி, அப்புறம் கிழக்குக் கடற்படைக் கப்பல்கள். அதனால் அதிகாரி கதையைவிட அடுப்படிக் கதைதான் எனக்குக் கண்ணில் படும்.

முதலில் ஒன்று. 'கேப்டன்' முல்லர் என்கிறோம், ஆனால் எம்டனில் அவர் பதவி நம் கடற்படையில் கமாண்டர் அளவுதான். கப்பலை நடத்துகிறவர் எந்தப் பதவியில் இருந்தாலும் அந்தக் கப்பலில் அவரைக் கேப்டன் என்றுதான் சொல்வோம். நம் ஊரில் வணிகக் கப்பல் கேப்டன், ராணுவ கேப்டன், கடற்படை கேப்டன் மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பெண் பார்க்கிறார்கள். ராணுவத்தில் கேப்டன் என்பவர் எங்களில் லெப்டினன்ட். எங்கள் கேப்டன் அவர்களில் கர்னல். இது சும்மா ஒரு தகவல், என் தம்பி கல்யாணத்தில் நடந்த சண்டை ஞாபகம் வந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். எம்டன் நிலக்கரிக் கப்பல். 12 கொதிகலன். ஏறத்தாழ 3,600 டன், மணிக்கு 24 நாட் (கடல் மைல்) வேகம், 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து. வேகமாக ஓடினால் கரி தண்ணீராகக் கரையும். துறைமுகம் கிடையாது, அப்படியானால் கரி எங்கே? பிடிக்கிற கப்பலில்தான். அதனால் முல்லர் ஒவ்வொரு நாளும் போட்ட முதல் கணக்கு பீரங்கிக் குண்டு கணக்கு இல்லை, கரிக் கணக்கு.

நடுக்கடலில் கரி ஏற்றுவது என்றால் என்ன என்று யோசியுங்கள். இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் கட்ட வேண்டும். அலையில் இரண்டும் மோதும், தகடு நசுங்கும். மூட்டை மூட்டையாகக் கரியைத் தூக்கி மேல்தளத்தில் போட்டு, வாரி, கீழே கிடங்குக்குத் தள்ள வேண்டும். புரட்டாசி வெயில், இரும்புத் தளம், மூக்கு வாய் கண் எல்லாம் கரித்தூள். அதிகாரிகளும் மூட்டை தூக்கியிருக்கிறார்கள். எங்கள் கப்பலில் எண்ணெய்தான், குழாயை மாட்டினால் வேலை முடிந்தது. அதற்கே நாங்கள் முனகுவோம்.

குளிக்கச் சோப்பு தீர்ந்துபோய்த் தவித்திருக்கிறார்கள். அப்போதுதான் 'இண்டஸ்' என்ற கப்பல் மாட்டியது. உள்ளே பெட்டி பெட்டியாகச் சோப்பு! மாலுமிகளுக்கு அன்றைக்குத் தீபாவளி. நான் படித்ததில் இந்த ஒரு வரிதான் எனக்கு அவர்களைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்தியது.

சந்தேகசாமி

எல்லாம் சரி. கப்பலைப் பிடித்து மூழ்கடித்தவனுக்கு இவ்வளவு பாராட்டா? கடற்கொள்ளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மாலுமி அண்ணன் சொல்லட்டும்.

தேவகோட்டை மாலுமி

போர்க்காலத்தில் எதிரி நாட்டுச் சரக்குக் கப்பலைப் பிடிப்பதற்குச் சட்டமே உண்டு. நிறுத்து என்று எச்சரிக்க வேண்டும், ஏறிப் பரிசோதிக்க வேண்டும், ஆட்களை இறக்கிப் பத்திரமான இடத்தில் வைத்த பிறகுதான் கப்பலை மூழ்கடிக்கலாம். முல்லர் இதை எழுத்துக்கு எழுத்து செய்தார். ஏறத்தாழ இரண்டு டஜன் வணிகக் கப்பல் அவர் கையில் மாட்டியது. 'கபிங்கா' என்ற கப்பலில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதை மூழ்கடிக்காமல், அதுவரை பிடித்த கைதிகளை எல்லாம் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். போனவர்கள் கல்கத்தாவில் எம்டனைப் புகழ்ந்து பேசியதுதான் வேடிக்கை. ஆங்கிலப் பத்திரிகைகளே அவரைக் கனவான் என்று எழுதின.

கண்டனூர் குரல்

முக்கியமான ஆளை விட்டுவிட்டீர்களே! எம்டனில் இருந்து சென்னை மீது குண்டு போடச் சொன்னவரே நம் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளைதான். வழிகாட்டியாக அந்தக் கப்பலில் வந்தார். தமிழனை மறைத்துவிட்டு ஜெர்மன்காரனுக்குப் பரிவட்டம் கட்டுகிறீர்கள்.

வளவுக்காரன்

அண்ணே, நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கேட்டேன். ஆனால் 1914 செப்டம்பரில் செண்பகராமன் ஐரோப்பாவில் இருந்தார். சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தவர் அந்த இலையுதிர் காலத்தில் பெர்லின் போனார். எம்டனோ ஆகஸ்டில் சீனக் கடற்கரையிலிருந்து கிளம்பிய கப்பல், வழியில் ஐரோப்பாவிலிருந்து ஆள் ஏற வழியே இல்லை. அவர் செய்த காரியம் பெர்லினில் இருந்து செய்தது. அதுவே பெரிதுதான், கப்பல் ஏற்றித்தான் பெருமை சேர்க்க வேண்டும் என்றில்லை.

கண்டனூர் குரல்

சரி, ஊரில் கேட்டதைச் சொன்னேன். ஆனால் சென்னையில் ஏன் சுட்டான்? அதற்காவது பதில் சொல்லுங்கள். துறைமுகத்தில் போர்க்கப்பல் ஒன்றும் இல்லையே.

வளவுக்காரன்

செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பதரை மணி வாக்கில் வந்து நின்றது. கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துச் சுட ஆரம்பித்தது. ஏறத்தாழ 130 குண்டு, அரை மணி நேரம்கூட இல்லை. இரண்டு தொட்டி பற்றி எரிந்தது. கரையிலிருந்து பீரங்கி பதில் சொல்லத் தொடங்கும்போது விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் போய்விட்டது.

காரணத்தை முல்லரே பின்னால் தன் அறிக்கையில் சொல்லியிருக்கிறார்: வெள்ளைக்காரனின் மதிப்பைக் குலைக்கவும், இந்திய மக்களுக்கு ஒரு சேதி சொல்லவும். எண்ணெய் எரிந்தது போனஸ் மாதிரி. மறுநாளிலிருந்து பட்டணத்தை விட்டு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். சேதி போய்ச் சேர்ந்தது என்னவோ உண்மை.

பஞ்சாங்கப் பித்தன்

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். 1914 ஆகஸ்ட் 21இல் சூரிய கிரகணம், அதாவது அமாவாசை. அடுத்த அமாவாசை செப்டம்பர் 19, 20 வாக்கில். ஆக 22ஆம் தேதி மூன்றாம் பிறை, பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் நிலா மறைந்துவிடும். ஒன்பதரைக்குக் கடல் மை இருட்டு. நவராத்திரி தொடங்கியிருக்கும், பட்டணத்தில் வீட்டுக்கு வீடு கொலு, தெருவெல்லாம் விளக்கு. உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மேல்தான் அப்போது கலங்கரை விளக்கம், அதையும் அணைக்கவில்லை. போர் நடக்கிறது என்று பட்டணத்தில் யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இருட்டில் நிற்பவனுக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவனைக் குறிபார்ப்பது எவ்வளவு சுலபம்.

சந்தேகசாமி

இதைத்தான் கேட்கிறேன். கனவான் என்கிறீர்கள், கொலுவுக்கு நடுவே குண்டு போட்டிருக்கிறான்.

வளவுக்காரன்

நியாயமான கேள்வி. ஊர்ப்பக்கம் விழாத கோணத்தில் கப்பலை நிறுத்தினார் என்று எழுதுகிறார்கள். ஆனால் உயர்நீதிமன்ற மதில் வரைக்கும் குண்டு வந்திருக்கிறது, அந்த இடத்தில் இன்றும் கல்வெட்டுப் பலகை இருக்கிறது. துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலில் உயிர்ச்சேதம் உண்டு. விரல்விட்டு எண்ணக்கூடிய எண்ணிக்கைதான், ஆனால் செத்தவர்கள் செத்தவர்கள்தானே. அவர்கள் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை. கோணம் பார்த்து நிறுத்தினாலும் இருட்டில் 130 குண்டு எல்லாம் சொன்ன இடத்தில் விழாது. இதில் நான் உங்கள் பக்கம்.

பினாங்கு பேரன்

வணக்கம், நான் பினாங்கிலிருந்து. எங்கள் பூர்வீகம் கோனாபட்டு. தாத்தா கிட்டங்கி (தங்கித் தொழில் செய்த கட்டடம்) இருந்தது பினாங்குத் தெருவில்தான். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அந்தத் தெருவிலிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும். கிட்டங்கித் திண்ணையிலிருந்து துறைமுகம் நடக்கிற தூரம்.

1914 அக்டோபர் 28 விடியற்காலை எம்டன் அங்கே வந்தது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. ஆங்கிலேயரின் 'யார்மவுத்' கப்பலுக்கு நான்கு. முல்லர் மரச்சட்டமும் கித்தான் துணியும் வைத்து நாலாவது புகைபோக்கி ஒன்று செய்து மாட்டிக்கொண்டு வந்தார்! நம் கப்பல்தான் என்று காவலில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். சுடுவதற்கு முன்னால் ஜெர்மன் கொடியை ஏற்றினார், அது சட்டம். உள்ளே ரஷ்யக் கப்பல் 'ஜெம்சுக்' நங்கூரமிட்டிருந்தது. அதன் கேப்டன் கரையில் இருந்தார். இரண்டு டார்பிடோ. கப்பல் பிளந்து மூழ்கியது. எண்பதுக்கும் மேல் ரஷ்ய மாலுமிகள் செத்தார்கள். வெளியே போகும்போது எதிரே வந்த பிரெஞ்சுக் கப்பல் 'மூஸ்கே'யையும் மூழ்கடித்துவிட்டு, தண்ணீரில் தத்தளித்த 36 பேரை எம்டன்காரர்களே தூக்கிக் காப்பாற்றினார்கள்.

ரஷ்ய மாலுமிகளின் கல்லறை இங்கே மேற்குச் சாலை கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் செம்பருத்தி பூத்துக்கிடக்கும்.

தேவகோட்டை மாலுமி

கித்தான் புகைபோக்கி! நம் ஊரில் 'எம்டன்' என்ற சொல் வந்ததே இந்த மாதிரி வேலைகளால்தான். ஆனால் பாருங்கள், ஜெம்சுக் கேப்டன் கரையில் தூங்கினார், காவல் சரியில்லை, பீரங்கி தயாரில்லை. முல்லர் தந்திரக்காரர் என்பதைவிட எதிராளி அசட்டை என்பதே சரி. கப்பலில் முதல் பாடமே அதுதான்: துறைமுகத்தில் கட்டியிருந்தாலும் காவல் காவல்தான்.

பினாங்கு பேரன்

அதற்கு முன்னால் ஒரு சிரிப்புச் சம்பவமும் உண்டு. அக்டோபரில் இந்துமாக்கடலில் இருக்கும் தியேகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். அங்கே தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களுக்குப் போர் வந்ததே தெரியாது! கப்பல் அடித்தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்வரை ஜெர்மன்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. உபகாரத்துக்கு அந்த ஊர்க்காரரின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்தார்கள்.

நிர்வாகி

இழை நன்றாகப் போகிறது. கட்சி அரசியலை மட்டும் உள்ளே இழுக்க வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

வளவுக்காரன்

முடிவுக்கு வருகிறேன். நவம்பர் 9, இந்துமாக்கடலின் கொக்கோஸ் தீவுகள். தந்தி நிலையத்தை உடைக்க முல்லர் 50 பேரைக் கரைக்கு அனுப்பினார். கம்பத்தை வெட்டும்போது எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்து ஆங்கிலேயர்கள் கேட்க, அப்படியே வேறு பக்கம் சாய்த்தார்களாம். ஆனால் அதற்குள் 'அந்நியக் கப்பல் வந்திருக்கிறது' என்று தந்தி போய்விட்டது. பக்கத்தில் ஆஸ்திரேலியப் படைக் கப்பல் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த 'சிட்னி' ஓடி வந்தது. சிட்னியின் பீரங்கி 6 அங்குலம், எம்டனுடையது 4 அங்குலம் சொச்சம். எம்டன் குண்டு போட்டது முதலில், குறி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிட்னி எட்டத்தில் நின்றே அடித்து நொறுக்கியது. கப்பல் மூழ்கினால் காயம்பட்டவர்கள் எல்லோரும் போவார்கள் என்று முல்லர் பவளப்பாறைமேல் ஏற்றித் தட்டவைத்தார். 134 பேர் செத்தார்கள்.

கரையில் மாட்டியவர்கள் ஒரு பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்து, சுமத்ரா வழியாக அரேபியாவில் இறங்கி, பாலைவனத்தைத் தாண்டி கான்ஸ்டான்டிநோபிள் போனது தனிக் கதை. அதற்கு இன்னொரு இழை வேண்டும்.

முல்லர் கைதி. வாளை அவரே வைத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்தார்கள். மால்டாவில் சிறை, அப்புறம் இங்கிலாந்து. 1917இல் சுரங்கம் தோண்டி இருபது சொச்சம் அதிகாரிகளோடு தப்பி ஓடிப் பிடிபட்டார். பழைய மலேரியா திரும்பியது, சிகிச்சைக்காக ஹாலந்துக்கு அனுப்பப்பட்டு, போர் முடியும் தறுவாயில் ஊர் வந்து சேர்ந்தார். ஜெர்மனியின் உயரிய விருது 1918இல் கிடைத்தது. அடுத்த வருஷமே உடல்நிலை காரணமாக ஓய்வு. கல்யாணம் 1920இல், 47 வயதில். இரண்டு பெண் குழந்தைகள். 1923 மார்ச் 11இல் போய்விட்டார். ஐம்பதுகூட ஆகவில்லை.

எனக்குப் பிடித்தது இதுதான். பதிப்பாளர்கள் எம்டன் கதையை எழுதச் சொல்லி வந்தபோது, கூட இருந்தவர்களின் ரத்தத்தில் காசு பார்க்கிற மாதிரி இருக்கும் என்று மறுத்துவிட்டார். அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள் எழுதினார்கள், அவர் எழுதவில்லை. நம் மொழியில் அவர் கப்பல் பெயருக்கு அர்த்தம் 'எதற்கும் துணிந்த கெட்டிக்காரன், ஏமாற்றுக்காரன்'. காய்ச்சலோடு வாழ்ந்து, விளம்பரத்தைக் கண்டு ஒதுங்கிய ஒருவர் பெயருக்கு நாம் ஒட்டிவைத்த அர்த்தம் இது.

சந்தேகசாமி

புத்தகம் எழுதாததற்காக மட்டும் ஒரு மார்க் போடுகிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை. பெயர் தெரியாத அந்தச் சென்னைத் துறைமுகக்காரர்களுக்கு யாராவது ஒரு பலகை வைத்தால் அப்புறம் பேசலாம்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, கடைசியில் உங்கள் ஐயா கப்பல் ஏறினாரா இல்லையா? அதைச் சொல்லாமல் ஜெர்மனிக்குப் போய்விட்டீர்கள்.

வளவுக்காரன்

ஏறினார் ஆச்சி. அந்தக் கடிதக் கட்டில் அடுத்த கடிதம் அதே வருஷம் கார்த்திகை. கப்பல் ஒழுங்காக ஓடுகிறது, பையனை அனுப்பவும் என்று இரண்டே வரி. எம்டன் பேச்சே அதில் இல்லை. கீழே, பையனிடம் சுண்டவத்தல் இரண்டு படியும் நல்ல கருப்பட்டியும் கொடுத்துவிடவும், போன தடவை வந்த கருப்பட்டியில் மண் இருந்தது என்று எழுதியிருக்கிறார் மேலாள்.